நானூக்கின் சிரிப்பும் மார்த்தாவின் குரலும்

பனிவெளியில் கமெராவை நோக்கிச் சிரிக்கும் நானூக்கின் முகத்தை ஒருமுறை கண்டவர் எளிதில் மறப்பதில்லை. அமெரிக்கரான ரொபேர்ட் பிளாகெர்ட்டி 1922இல் வெளியிட்ட 'நானூக் ஒஃப் த நோர்த்' முழுநீள விவரணப் படங்களின் முன்னோடி எனப் போற்றப்படுவது. பாடப்புத்தகங்களில் எஸ்கிமோவர் என்று நாம் படித்த இனுயிற் மக்களை உலகின் கண்முன் நிறுத்திய படமும் அதுவே.

ஆனால், நானூக்கின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். படத்தில் மனைவியாக வருபவர் அவருடைய மனைவியல்லர். துப்பாக்கியால் வேட்டையாடிப் பழகியிருந்தவர்கள் படத்துக்காக எறியீட்டி ஏந்தினார்கள். வெளிச்சம் போதாமையால் பனிவீட்டின் ஒரு பக்கம் திறந்துவிடப்பட்டது. இசைத்தட்டை நானூக் வியப்போடு கடித்துப் பார்ப்பதும் நடிப்பே.

இவற்றை வெறும் மோசடியென்று நான் ஒதுக்கமாட்டேன். இனுயிற் மக்கள் விரும்பியே நடித்தார்கள். கமெராவைப் பழுதுபார்த்தும் கொடுத்தார்கள். என் மனக்குறை வேறு. காலத்தோடு மாறிவந்த ஒரு சமூகத்தை, காலம் தீண்டாத மனிதர்களாக அந்தப் படம் உறையவைத்துவிட்டது.

படப்பிடிப்பு முடிந்து பிளாகெர்ட்டி திரும்பிச் சென்றார். இனுயிற் பெண்ணொருவருக்கும் அவருக்கும் பிறந்த யோசெபி என்ற மகனை அவர் கண்டதேயில்லை. அந்தப் படம் எடுக்கப்பட்ட இனுக்யுவாக் பகுதியிலிருந்து 1953இலும் 1955இலும் பல குடும்பங்களைக் கனடிய அரசாங்கம் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத நிலம் அது. 1955இல் சென்றவர்களுள் யோசெபியின் குடும்பமும் ஒன்று. அரசு மன்னிப்புக் கோரியது 2010இல்.

இதற்குப் படமே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், பனியில் பிறந்தவர்கள் எந்தப் பனியிலும் பிழைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் இரண்டிலும் உறைந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

2001இல் சக்கரியாஸ் குனுக் என்ற இனுயிற் இயக்குநர், தம் மக்களின் பழங்கதையொன்றை அவர்களுடைய மொழியிலேயே 'அத்தனார்யுவாற்' என்ற படமாக்கினார். கான் விழாவில் முதற்படத்துக்கான 'கமெரா டோர்' விருது அதற்குக் கிடைத்தது. அங்கே காதலும் பொறாமையும் பழிவாங்கலும் உள்ள முழு மனிதர்களைக் கண்டோம்.

அப்படியானால் வெளியார் பிறர் வாழ்வைப் படமெடுக்கவே கூடாதா? அவ்வாறு நான் கருதவில்லை. ஐந்து வயதில் அந்த வடதிசைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் யோசெபியின் மகள் மார்த்தா. அவருடைய கதையைக் கூறும் 'மார்த்தா ஒஃப் த நோர்த்' படத்தை இயக்கிய மார்க்கீஸ் லெபாஜ் இனுயிற் இனத்தவர் அல்லர். ஆனால் அதில் மார்த்தா தமது சொந்தப் பெயரோடு வருகிறார்; தமக்கு நேர்ந்ததைத் தாமே சொல்கிறார். பாட்டனார் எடுத்த படத்துக்குப் பேத்தி கூறும் மறுமொழி அது.

நானூக்கைத் திரையிடும் திரைப்படக் கழகங்கள் அன்றே மார்த்தாவையும் திரையிட வேண்டும். அந்தச் சிரிப்பின் பின்னால் இருந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.