சர்வீஸ் கடையில் விண்டோஸ் டிஸ்க் தொலைஞ்சிடுச்சா? மறுபடியும் காசு கொடுக்காதீங்க!

சர்வீஸுக்குக் கொடுத்த லேப்டாப் திரும்பி வருகிறது. கூடவே கொடுத்த விண்டோஸ் டிஸ்க் வரவில்லை. 'டிஸ்க் எதுவும் தரலையே' என்கிறார் கடைக்காரர். புது விண்டோஸ் போட தனியாகப் பணமும் கேட்கிறார். கொடுக்கணுமா?

வேண்டாம். டிஸ்க் இன்ஸ்டால் செய்ய மட்டும்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது லைசென்ஸ். விண்டோஸ் 8-க்குப் பிறகு, விண்டோஸுடன் விற்கப்படும் பிராண்டட் லேப்டாப்களில் புராடக்ட் கீ பொதுவாக மதர்போர்டிலேயே பதிவாகியிருக்கும்.

என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10, 11 என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' இலவசம். 8 ஜிபி காலி பென் டிரைவ் போதும். ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, முன்பு இருந்த அதே எடிஷனை இன்ஸ்டால் செய்து இன்டர்நெட்டில் இணைத்தால், வழக்கமாகத் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஆகலைன்னா?

முதலில் எடிஷனைச் சரிபாருங்கள். ஹோமுக்குப் பதில் புரோ போட்டிருக்கலாம். அதுவும் சரி என்றால், மதர்போர்டே மாற்றப்பட்டதா என்று பாருங்கள். பயாஸில் காட்டும் சீரியல் நம்பரும் லேப்டாப்பின் அடியில் உள்ள நம்பரும் வேறுபட்டால் கடையில் விளக்கம் கேளுங்கள்.

பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் அடுத்த முறை சீரியல் நம்பரை போட்டோ எடுத்து, கொடுத்த பொருட்களையெல்லாம் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே லேப்டாப்பைக் கொடுங்க.