யார் கூற்று?

தம்மம்பட்டியில் ஒரு நாள் குற்றாலக் குறவஞ்சியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். சிங்கனும் சிங்கியும் மாறிமாறிப் பேசும் பகுதி அது. மாணவியொருத்தியைச் சிங்கியாகவும் மாணவனொருவனைச் சிங்கனாகவும் நிறுத்திப் படிக்கச் சொன்னேன். 'சிங்கி' என்று முடியும் அடிகளை அவள் படித்தாள். 'சிங்கா' என்று முடிவனவற்றை அவன் படித்தான். வினவ வேண்டியவன் விடையிறுத்தான். விடையிறுக்க வேண்டியவள் வினவினாள். வகுப்பே நகைத்தது, எனக்கு நகை வரவில்லை. 'சிங்கன்' என்பது 'சிங்கா' எனத் திரிந்து நிற்பதே அஃது அழைப்பு என்பதைக் காட்டவில்லையா? விளிவேற்றுமையை நெட்டுருச் செய்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் அவர்கள்!

பிழை அவர்களுடையதன்று. ஓரத்தில் அச்சிட்ட பெயரைப் பார்த்துப் படி என்று பழக்கியவர் நாமே.

தெருக்கூத்தில் கட்டியக்காரன் உளன். திரைக்குப்பின் நிற்பவர் இன்னாரென அவன் அவைக்கு அறிவிப்பான். அச்சேறிய நாடகத்தில் அவன் இல்லை. அவனிடத்தில் வெறும் பெயர் நிற்கிறது. 1891-இல் சுந்தரனார் வெளியிட்ட மனோன்மணீயத்தை நோக்குங்கள். 5 அங்கம், 20 களம், பெரும்பாலும் அகவல். ஒருவர் தொடங்கிய அகவலடியை மற்றொருவர் முடிப்பதும் உண்டு. அடியை மட்டும் எண்ணுவார்க்கு அங்கே ஆள் தெரியாது. பொருளை நோக்குவார்க்கே தெரியும்.

இதற்கு வழியை வெளியே தேட வேண்டா. கூற்று, கேட்போர், முன்னம் என்னும் மூன்றையும் தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளாக வைத்தார். இன்ன இடத்தில், இன்னார்க்கு, இன்னார் சொல்லத்தக்கது இது என உய்த்துணரச் செய்யும் குறிப்பே முன்னம். அகப்பாடல்களைத் தலைவி கூற்று, தோழி கூற்று என நம் முன்னோர் பகுத்தது இக்கண் கொண்டே.

ஆதலின், தமிழாசிரியப் பெருமக்களே, ஓரப்பெயர்களை மறைத்து ஒரு களத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். விளி எது, தன்மைவினை எது, முன்னிலைவினை எது, 'நீ' என்கிறாரா 'நீர்' என்கிறாரா என்று கேளுங்கள். விடையொடு கரணியமும் கூறச் செய்யுங்கள். பெயரைப் பின்னர்க் காட்டுங்கள். தேர்வுக்கு நாளில்லை என்பர் சிலர். ஒரு களத்துக்கு ஒரு பாடவேளை போதும். அதனால் இலக்கணமும் உயிர்பெறும்.

இது நாடகத்தோடு முடிவதன்று. மன்னன் சீவகன்முன் குடிலன் மொழிவது ஒன்று. தனித்து நின்று மொழிவது வேறொன்று. ஓரத்தில் நிற்பதோ ஒரே பெயர். அவன் எதன்பொருட்டு அவ்வாறு பேசுகிறான் என்று சீவகன் ஆராயவில்லை. மெய்யுரைத்த நாராயணனை நம்பவுமில்லை. போர் மூண்டது, பாண்டியன் படை தோற்றது.

யார் கூற்று, யார்க்கு, எதன்பொருட்டு என வினவப் பழகாத பிள்ளை, நாளை மேடைதோறும் முழங்கும் குடிலர்க்குக் கைதட்டும். அதற்குத்தானா நாம் தமிழ் கற்பிக்கிறோம்?