இரு கைகளிலும் பாருங்கள்!

வலது கையில் இரத்த அழுத்தம் 160. இடது கையில் 100.

ஒரே ஆளுக்கு இப்படி இருக்குமா? இருக்கும். கருவியில் பழுது இல்லை. இரத்தக் குழாயில்தான் கோளாறு!

இந்தக் கோளாறுக்கு ஒரு காரணம், "தகயாசு நோய்". "நாடி இல்லா நோய்" என்றும் சொல்வார்கள். கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி தட்டுப்படாது. ஆனால், ஆள் நடமாடிக்கொண்டு இருப்பார்!

1908-ம் ஆண்டில், ஜப்பான் நாட்டுக் கண் டாக்டர் மிகிதோ தகயாசு, 21 வயதுப் பெண்ணின் கண்ணில் இரத்தக் குழாய்கள் விசித்திரமாகப் பின்னிக் கிடந்ததைக் கண்டு சொன்னார். இதே போன்ற நோயாளிகளைப் பார்த்திருந்த வேறு இரண்டு டாக்டர்கள், அவர்களுக்குக் கையில் நாடியும் இல்லை என்று சொன்னார்கள்.

அபூர்வமான நோய்தான். ஆனால், நம் நாட்டிலும் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

இது பெரும்பாலும் யாருக்கு வருகிறது? பெண்களுக்கு. அதிலும் 40 வயது ஆகாத பெண்களுக்கு!

என்ன நடக்கிறது?

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே, பெரிய இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. குழாயின் சுவர் அழன்று தடிக்கிறது. உள்ளே வழி குறுகுகிறது.

கழுத்துக் குழாய் குறுகினால் தலை சுற்றும், பக்கவாதமும் வரலாம். கைக் குழாய் குறுகினால், துணி துவைக்கும்போதே கை ஓய்ந்து போகும். சில இடங்களில் சுவர் பலம் இழந்து, சைக்கிள் டியூப் புடைப்பதுபோல் புடைத்துக்கொள்ளும். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து.

சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் குறுகினால் இரத்தக் கொதிப்பு ஏறும். 20 வயதுப் பெண்ணுக்கும் ஏறும்!

கை சொல்லும் பொய்

இங்கேதான் ஏமாந்து போகிறோம். குழாய் குறுகிய கையில் அளந்தால், அழுத்தம் குறைவாகவே காட்டும். உள்ளே 160 இருக்கும்; கருவி 100 என்று சொல்லும். "சோர்வுதான், சத்துக் குறைவுதான்" என்று டானிக் வாங்கிக் கொடுப்போம். நோய் உள்ளே வளரும்.

ஆகவே, இரு கைகளிலும் அளக்க வேண்டும். 10-க்கு மேல் வித்தியாசம் இருந்து, மறுபடி அளந்தாலும் அப்படியே இருந்தால், டாக்டரிடம் காட்ட வேண்டும். வேறு காரணமும் இருக்கலாம், பயம் வேண்டாம். இரு கைகளிலும் நாடி குறைந்திருந்தால், டாக்டர்கள் காலில் அளப்பார்கள்.

வைத்தியம் உண்டு

முதலில் அழற்சியைத் தணிக்க வேண்டும். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் வேறு மருந்துகளும் சேர்ப்பார்கள். டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்தை இந்த நோய்க்குப் பயன்படுத்த ஜப்பான் 2017-ல் அனுமதி அளித்தது.

குறுகிய குழாயை பலூன் வைத்து விரிக்கலாம். மாற்று வழி போட்டு ஆபரேஷனும் செய்யலாம். ஆனால், அவசரம் இல்லாவிட்டால், அழற்சி அடங்கிய பிறகே செய்வார்கள். அழன்ற குழாயில் கை வைத்தால், மறுபடி அடைத்துக்கொள்ளும்.

மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து!

மறைக்க வேண்டாம்

"பெண்ணுக்கு நோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காதே" என்று சில பெற்றோர் மறைக்கிறார்கள். கல்யாணம் ஆனதும் மாத்திரை நின்றுபோகிறது. இது மகளுக்குச் செய்யும் நன்மை அல்ல; கொடுமை.

இது தொற்று நோய் அல்ல. அழற்சி அடங்கி, இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருந்தால், டாக்டரின் மேற்பார்வையில் பலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். சில மருந்துகள் கருவுக்கு ஆகாது. அவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். அதற்கும் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இளம் பெண் தலைவலி, கைச் சோர்வு என்று வந்தால், இரு கைகளிலும் அளந்து பாருங்கள்.

தாய்மார்களே, அவர்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள்: "அந்தக் கையிலும் பாருங்கள், டாக்டர்!"

செலவு இல்லை. சில நிமிட வேலை. அதனால் ஓர் உயிர் பிழைக்கலாம்!