ஓட ஓட ஏறும் டீசல்

பழைய ஜீப் வைத்திருப்பவனைப் பார்த்து ஊரே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஜீப்புக்கு மீட்டர் எதுக்குங்க?" மெக்கானிக் கேட்கிறார், வயரிங் கடைக்காரர் கேட்கிறார், பங்க்கில் டீசல் அடிக்கும் பையன்கூடக் கேட்கிறான். டேங்க்கில் குச்சி விட்டால் டீசல் தெரியும், பானட்டில் ஆவி வந்தால் ஹீட் தெரியும், ஸ்பீடு பார்க்க ஜீப் என்ன பறக்கவா போகிறது என்பது அவர்கள் கட்சி.

என்னுடையது மகிந்திரா எம்.எம். 540. பெஜோ வடிவமைப்பில் வந்த 2.1 லிட்டர் டீசல் எஞ்சின். அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டேஷ்போர்டில்தான் ஒரு முள்ளும் உண்மை பேசுவதில்லை. டீசல் முள் எப்போது பார்த்தாலும் பாதியில் நிற்கும். ஸ்பீடு முள் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஊஞ்சலாடும். ஹீட் முள் படுத்தது படுத்ததுதான். பொள்ளாச்சிப் பக்கம் குடியிருந்துகொண்டு, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவனுக்கு ஹீட் முள் அலங்காரச் சாமான் இல்லை. பானட்டில் ஆவி வரும்வரை காத்திருந்தால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், பில் கைக்கு வரும்போது நம் தலையிலும் ஆவி வரும். இதில் இன்னொரு கொடுமை. ரேடியேட்டர் தண்ணீர் மொத்தமாக ஒழுகிப்போனால் சென்சார் தண்ணீரை விட்டு வெறும் காற்றில் நிற்கும். அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் சாவகாசமாகக் கீழே இறங்கினாலும் இறங்கும். ஒழுங்கான மீட்டருக்கே இந்தக் கதி என்றால், செத்த மீட்டரை நம்பி மலை ஏறுவது எப்படி?

சரி, மாற்றிவிடுவோம் என்று கிளம்பினால் அங்கேதான் ஆரம்பிக்கிறது வயிற்றெரிச்சல்.

மீட்டருக்குப் பஞ்சமான வட்டாரமும் இல்லை இது. பிரிக்கால் கோயம்புத்தூர் கம்பெனி. நாட்டில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் டேஷ்போர்டு அங்கிருந்துதான் போகிறது. உற்பத்தி நின்றுபோன என் வண்டிக்காக யாரும் தனியாக அச்சு வார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடைகளில் பொதுவாக எல்லா வண்டிக்கும் என்று விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச்சு. கறுப்பு முகம், வெள்ளை முகம், வெள்ளி வளையம், ராத்திரி நீலமாக எரியும் விளக்கு, சாவி போட்டதும் முள் ஒருமுறை கடைசிவரை போய்த் திரும்பும் வித்தை. எல்லாம் இருக்கிறது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், எத்தனை ஓம் யூனிட்டுக்கு இந்த மீட்டர் என்று மட்டும் ஓரிடத்திலும் இருக்காது.

மீட்டர் என்பது பாதிச் சாமான்தான். மீதிப் பாதியான யூனிட் டேங்க்குக்குள் தொங்குகிறது. மிதவை, அதைப் பிடித்திருக்கும் கம்பி, கம்பி ஏற இறங்க மாறும் மின்தடை. அந்தத் தடையைப் பொறுத்துத்தான் முள் நகரும். ஐரோப்பியக் கணக்கில் பரவலாக உள்ள ஒரு வகை, டேங்க் காலியென்றால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்காவில் தனியாக விற்கும் மீட்டர்களில் பரவலானது அதற்குத் தலைகீழ்: காலியென்றால் 240, நிறைந்தால் 33. இரண்டும் ஜாதகம் சேராத ஜோடி. முதல் வகை யூனிட்டோடு இரண்டாம் வகை மீட்டரைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? டேங்க்கை முழுக்க நிரப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் முள் காலிக்குப் பக்கத்தில் கிடக்கும். ஓட்ட ஓட்ட டீசல் ஏறிக்கொண்டே போகும். அட்டகட்டி தாண்டும்போது அரை டேங்க். வால்பாறையில் முக்கால். இப்படியே போனால் வண்டி நின்றுபோகும் இடத்தில் முழு டேங்க்.

கற்பனை இல்லை. என் வண்டியில் வயரிங் கடைக்காரர் மாட்டிக்கொடுத்த மீட்டர் சாட்சாத் இதைத்தான் செய்தது. திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினேன். எட்டிப் பார்த்தார், சாவியைப் போட்டார், முள்ளைப் பார்த்தார்.

"வேலை செய்யுதுங்களேண்ணா?"

"தலைகீழா செய்யுதுங்க தம்பி."

"அதனால என்னங்ணா, திருப்பிப் படிச்சுக்கலாம்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கையில் டெஸ்ட் லாம்பு இருக்கிறது, கரண்ட் வருகிறதா என்று அது சொல்லும். எத்தனை ஓம் என்று அதற்குத் தெரியாது. டப்பாவிலும் எழுதவில்லை. மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கலாம்தான், மலிவாகவே கிடைக்கிறது. கேட்டால், "அதெல்லாம் டிவி ரிப்பேர்காரங்க வெச்சுக்கறதுங்ணா" என்கிறார்.

ஹீட் மீட்டரும் இதே ரகளைதான். எச்சரிக்கை லைட்டை எரிய வைக்கும் சுவிட்ச் வேறு, முள்ளை நகர்த்தும் சென்சார் வேறு. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி, மரையும் சில சமயம் ஒன்றாகவே இருந்து தொலைக்கும். கவுண்டரில் எது கைக்கு வந்ததோ அதை எடுத்துக் கொடுக்கிறார்கள். தண்ணீர் கசியக்கூடாது என்று மரையில் வெள்ளை டேப்பை இருக்கிற மட்டும் சுற்றி முறுக்குகிறார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப் எர்த்தைத் தின்றுவிட்டால் முள் எழுந்திருக்காது. "மீட்டர் போச்சுங்ணா, வேற போட்டுக்கலாம்" என்று அடுத்த டப்பாவைப் பிரிக்கிறார்கள். எர்த் சரியில்லாமல் தூக்கி எறியப்பட்ட நல்ல மீட்டர்கள் சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் எத்தனை குவிந்து கிடக்கின்றனவோ!

ஆம்பியர் மீட்டர் விஷயத்தில் வேறு மாதிரி வம்பு. அந்தக் காலத்து ஏற்பாட்டில் செல்ஃப் மோட்டார் இழுப்பதைத் தவிர, பேட்டரிக்குப் போகிற வருகிற கரண்டெல்லாம் டேஷ்போர்டுக்கு வந்து அந்த மீட்டருக்குள் நுழைந்துதான் போகும். விளக்கும் ஹார்னும் மட்டும் இருந்தவரை சரி. இப்போது பனி விளக்கு, பாட்டுப் பெட்டி, போன் சார்ஜர் என்று ஆளாளுக்கு ஒன்றை ஏற்றிவிட்டு, முப்பது ஆம்பியர் மீட்டரின் நட்டு சுடுகிறதே என்று தொட்டுப் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். அதை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் போடு, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் சார்ஜ் ஆகிறது, 12க்குக் கீழே விழுந்தால் ஆல்டர்னேட்டரைக் கவனி, வேலை முடிந்தது என்றால், "ஒரிஜினல் போயிரும்ங்ணா" என்று மனம் நோகிறார்கள். பிளாஸ்டிக் நீல விளக்கு மீட்டரை நீட்டும்போது நினைவுக்கு வராத ஒரிஜினல்!

ஆர்.பி.எம். மீட்டரும் சேர்த்துப் போடுங்க, கெத்தா இருக்கும் என்று ஒரு சகாய யோசனை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் ஏது? காயிலில் ஒயர் கட்ட காயில் ஏது? ஆல்டர்னேட்டரில் அதற்கென்று ஒரு முனை வேண்டும், பழசில் அது இருப்பதில்லை, பிரித்துப் பற்றவைத்து எடுக்க வேண்டும், பிறகு புல்லி அளவுக்குத் தக்கபடி மீட்டரைச் செட் செய்ய வேண்டும். இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்போது யோசனை சொன்னவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

ஸ்பீடோமீட்டரை மட்டும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெர்லினில் ஓட்டோ ஷூல்ட்சே 1902ல் காப்புரிமை வாங்கிய அதே தத்துவம்தான்: கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும், காந்தம் தொடாமலேயே அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய சுருள்வில் தடுக்கும். முள் ஊஞ்சலாடியதற்கு கேபிள் காய்ந்ததுதான் காரணம். கழற்றிக் கிரீஸ் விட்டு, வளைவில்லாமல் கட்டியதும் அடங்கிவிட்டது. என்ன, பெரிய டயர் போட்டிருந்தால் அதுவும் பொய் பேசும். டயர் விட்டம் பத்து சதவீதம் கூடினால் முள் 50 காட்டும்போது வண்டி 55ல் போகிறது. அந்தப் பொய்க்காவது ஒரு கணக்கு இருக்கிறது, மனதுக்குள் கூட்டிக்கொள்ளலாம்.

டீசல் மீட்டருக்கு வருகிறேன். தேடி அலைந்து, மீட்டரும் யூனிட்டும் ஒரே டப்பாவில், ஓம் அச்சடித்து, ஜோடியாகவே வாங்கியாயிற்று. மேசைமேல் வைத்து பேட்டரி கொடுத்து மிதவையைக் கையால் தூக்கினால் முள் ஜம்மென்று ஏறுகிறது, இறக்கினால் இறங்குகிறது. கொண்டுபோய் டேங்க்கைக் கழற்றினோம். யூனிட் விளிம்பில் ஐந்து துளை. என் டேங்க் வாயில் துளைகள் வேறு கணக்கு. மிதவைக் கம்பி வேறு டேங்க் ஆழத்துக்கு நீளம். அடியில் இடிக்கிறது.

மெக்கானிக் அரைமணி நேரம் டேங்க்கையும் யூனிட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"பேசாம டேங்க்கை மாத்திரலாம்ங்ணா."