ஒரு துளை கண்டது எவ்வளவு?



நெடுவாசலை நாம் மறந்திலோம். சிறு கன்னெய், எரிவளி வயல்களை 31 பகுதிகளாக்கி நிறுவனங்களுக்கு வழங்க, 2017ஆம் ஆண்டு பிப்ருவரித் திங்களில் நடுவணரசு ஒப்பியது. நம் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் அவற்றுள் ஒன்று. ஊர் திரண்டெழுந்தது. 2020இல் தமிழக அரசு வேளாண் மண்டலக் காப்புச் சட்டம் இயற்றியது. நம் மாவட்டத்தின் கீழ்ப்பகுதி ஒன்றியங்களும் அதனுள் அடங்கின. எனினும் 2021 சூன் திங்களில் அண்டையிலுள்ள வடதெரு ஏலப்பட்டியலில் இடம்பெற்றது. தமிழக முதல்வர் மறுப்பு மடல் விடுத்தார். ஆகவே, வினா மீண்டும் மீண்டும் வரும். விடை சொல்ல நாம் அணியமாக இருக்கின்றோமா?

"ஆய்ந்து பார்த்தோம், இவ்வளவு வளம் உண்டு" என்பர் வல்லுநர். அவ்வாய்வுதான் யாது?

கிணற்றைச் சிலகாலம் ஓடவிட்டுப் பின் மூடுவர்; அடியில் அழுத்தம் மீள ஏறுவதை அளப்பர். குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல் அழுத்த மாற்றம் பாறையினூடே பரவும். காலத்தை மடக்கை அளவிற் குறித்து அழுத்தத்தை வரைந்தால், பாறை ஒருசீராயின் நேர்கோடு கிட்டும். மணற்பாறை பக்கவாட்டில் களிப்பாறையாக மாறினும், நிலப்பிளவு குறுக்கிடினும் கோட்டின் சாய்வு மாறும். மாற்றம் எத்தொலைவில் என்பதை அதனால் மதிப்பிடலாம். எத்திசையில் என்பதை ஒற்றைக் கிணறு சொல்லாது. வெவ்வேறு பாறையமைப்புகள் ஒரே கோட்டைத் தருதலும் உண்டு. இருமடங்கு தொலைவு காண நான்மடங்கு காலம் வேண்டும்.

இஃது உழவர் அறியாததன்று. ஒரு தோப்பில் நீர் சுரக்கும் ஆழ்துளைக் கிணறு, அடுத்த தோப்பில் வறண்டு கிடப்பதை அவர் கண்டுள்ளார். அறிவு அவரிடம் உண்டு. சொல்தான் ஆங்கில அறிக்கையுள் சிறைப்பட்டுக் கிடக்கின்றது. பாறையின் நுண்துளையளவைப் புரைமை என்போம். அத்துளைவழி நெய்யும் வளியும் செல்லவிடும் இயல்பை ஊடுருதிறன் என்போம். இச்சொற்களை மாணவர்க்குக் கற்பிப்போம்.

பின்னர் அவையில் எழுந்து வினவுவோம்: எத்தனை நாள் மூடி அளந்தீர்? எவ்வளவு தொலைவு கண்டீர்? அண்டைக் கிணற்றிலும் அழுத்தம் பார்த்தீரா? எதிர்ப்போராகிய நாமும் அளந்தறியாததை அறிந்தாற்போல் பேசுதல் தகாது. முழக்கம் ஊரைக் கூட்டும். சரியான வினாவே ஊரைக் காக்கும். அவ்வினா தமிழில் எழுக!