இதோ, ஒரு பிரெஞ்சுப் பாட்டு

யூரோவிஷன் போட்டியில் எடுபட ஆங்கிலம் வேண்டும் என்போர் பிரான்சின் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும். 2008இல் அந்நாடு அனுப்பிய செபாஸ்தியன் தெலியேயின் ‘திவீன்’ பெரும்பாலும் ஆங்கிலம். நாடாளுமன்றம்வரை கண்டனம் எழுந்தது. கிடைத்ததோ 47 புள்ளிகள்.

2021இல் ராட்டர்டாமில் பார்பரா பிராவி கறுப்புடையில் தனியொருத்தியாக நின்று ‘வுவாலா’ பாடினார். ‘இதோ’ என்று பொருள். தன்னை உள்ளவாறே ஏற்கச் சொல்லும் குரல், மெல்லெனத் தொடங்கிச் சூறையாய் முடிகிறது. 499 புள்ளிகள், இரண்டாமிடம்.

எடித் பியாஃபின் நகல் என்று உதட்டைப் பிதுக்கியோரும் உண்டு. ஷான்சோன் மரபில் நின்று பாடுவது நகலெனில், வெண்பா எழுதிய அனைவரும் நகலெடுத்தோரே! அது கிடக்கட்டும். அவ்வாண்டு வென்றதும் ஆங்கிலமன்று, இத்தாலியம். மூன்றாமிடம் பெற்ற ஸ்விட்சர்லாந்து பாடியதோ, மீண்டும் பிரெஞ்சு.