தண்ணீர் வருமுன் லாக்கைச் சோதியுங்கள்

வாடகைக்கு டிராக்டர் பிடிக்கும்போது மணிக்கு என்ன கூலி என்று கேட்கிறோம். பழைய டிராக்டர் வாங்கப் போனால் புகை என்ன நிறத்தில் வருகிறது, ஹைட்ராலிக் தூக்குகிறதா, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறோம். ஆனால் டிரைவரின் குதிகால் படும் இடத்தில், இருக்கைக்குக் கீழே இருக்கும் சிறு மிதிகட்டையை யாரும் மிதித்துப் பார்ப்பதில்லை. அதுதான் டிபரன்ஷியல் லாக். சில மாடல்களில் கை லீவராக இருக்கும். நஞ்சை உழும் விவசாயி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இதற்கு வழி செய்யவே அச்சின் நடுவில் டிபரன்ஷியல் இருக்கிறது. இந்த வசதியே சேற்றில் வினையாகிவிடுகிறது. ஒரு சக்கரம் பிடிப்பில்லாத இடத்தில் இறங்கினால் அது மட்டும் சுழல, கெட்டி மண்ணில் இருக்கும் மற்றது சும்மா நிற்கும். சுழலச் சுழலப் பள்ளம்தான் ஆழமாகும். லாக்கை மிதித்தால் இரண்டு சக்கரங்களும் பிணைந்து ஒரே வேகத்தில் சுற்றும். கெட்டியில் நிற்கும் சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும்.

நாலு சக்கர இழுவை டிராக்டர் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. முன் அச்சிலும் ஒரு டிபரன்ஷியல் உண்டு. வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் இறங்கிவிட்டால், அவை சுழல, மறுபக்கத்துச் சக்கரங்கள் நின்றுவிடக் கூடும். பெயரில் நான்கு இருந்தாலும் வேலை செய்வது இரண்டே.

டெல்டாவில் மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து தொளி உழவு தொடங்கிய பிறகு லாக்கைச் சோதிக்க நேரம் இருக்காது. மே மாதத்திலேயே களத்துமேட்டில் பார்த்துவிடலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். கெட்டியான சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பின்னால் மாட்டிய கருவியைக் கழற்றிவிடுங்கள். முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் இருபுறமும் முட்டுக்கட்டை கொடுங்கள். மற்றப் பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தரையை விட்டுக் கிளப்பி, அச்சுக்கு அடியில் தடித்த மரக்கட்டையை அண்டக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கைப்பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். நாலு சக்கர இழுவையானால் முன் இழுவை லீவரையும் விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லாக் போடாமலே சக்கரம் சுற்றாது, சோதனை நம்மை ஏமாற்றிவிடும்.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஒருவர் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் லாக்கை மிதிக்க வேண்டும். பற்கள் நேர்ப்படும் இடத்தில் 'டக்' என்று பிடித்துச் சக்கரம் நின்றுவிடும். காலை எடுத்ததும் மறுபடியும் சுற்ற வேண்டும். பிடிப்பதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவதை மறக்கிறார்கள் பலர். விடாத லாக் பிடிக்காத லாக்கைவிட ஆபத்தானது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும், வரப்பிலோ வாய்க்காலிலோ போய் இறங்கும்.

மிதித்தும் சக்கரம் நிற்கவில்லையென்றால் உடனே பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மிதிகட்டையின் கம்பி துருப்பிடித்திருக்கும், அல்லது சேறு காய்ந்து இறுகியிருக்கும். கழுவிக் கிரீஸ் வைத்தாலே சரியாகிவிடும். திரும்பி வராத மிதிகட்டைக்கு ஸ்பிரிங்கைப் பாருங்கள். இவை சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் உள்ளே பற்களோ கவையோ தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை. லாக்கை மிதிக்காமலே சக்கரம் சுற்ற மறுத்தால் பிரேக் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பற்களைக் கெடுப்பது சேறல்ல, டிரைவரின் அவசரந்தான். சக்கரம் வேகமாகச் சுழலும்போது லாக்கை மிதித்தால் பல் உடையும். கிளட்ச்சை மிதித்துச் சுழற்சி நின்ற பின்பே லாக்கைப் போட வேண்டும். நேராக ஓட்டி வெளியே வந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். தார் ரோட்டில் இதற்கு வேலையே இல்லை.

லாக் வேலை செய்யாத வண்டி புதைந்தால், சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்கியரில் ஏற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதை உரக்கச் சொல்ல வேண்டும்: அது உயிரைப் பறிக்கும். சக்கரம் சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டால் வண்டியின் முன்பக்கம் எழும்பி டிரைவர் மேலேயே கவிழும், குதிக்கக்கூட நேரம் இருக்காது. லாக் பிடித்தும் இரண்டு சக்கரங்களும் புதைந்துகிடந்தால்கூட முன்னால் ஏற்றக் கூடாது. மண்ணைத் தோண்டிப் பின்கியரில் எடுக்கலாம், அல்லது வேறு வண்டியைக் கொண்டு இழுக்கலாம்.

வாடகை உழவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சக்கரம் வழுக்கும் நேரமும் மணிக்கணக்கில்தான் சேருகிறது; உழாத நேரத்துக்கும் கூலி கொடுப்பவர் நிலத்துக்காரர். அதனால்தான் பல வண்டிகளில் பழுதான லாக் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது, சொந்தக்காரருக்கு அதில் நஷ்டமில்லையே. வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியானாலும் பக்கத்து ஊர்க்காரர் வண்டியானாலும், கூலி பேசும்போதே "லாக் பிடிக்கிறதா?" என்று கேளுங்கள். லாக் இல்லாமல் புதைந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதில் தவறேதுமில்லை. ஒருவர் கேட்டால் முணுமுணுப்பார்கள். ஒரு வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லாருமே கேட்டால், அடுத்த மே மாதத்தில் வண்டிக்காரரே ஜாக்கியைத் தேடுவார்.